நீலக் கழுதை

ஸ்பானிஷ் பேசும் எங்கள் மலையூர் மனிசாலெஸில் ஒரு பள்ளிக்கூடம் மேட்டில் இருக்கும், இல்லாவிட்டால் பள்ளத்தில் இருக்கும். சமதரை என்பதை நாங்கள் வரைபடத்தில்தான் பார்த்திருக்கிறோம். மார்லேனி வேலை பார்த்த பள்ளி மேட்டில் இருந்தது. பதினேழு வருடம் அந்த மேட்டை ஏறி இறங்கி அவள் முழங்கால் இரண்டும் தேய்ந்து போயின. ஐந்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுப்பாள்.

முதல் ஒன்பது வருடம் எல்லாரையும்போல ஸ்பானிஷில்தான் எடுத்தாள். பிறகு ஒரு பிப்ரவரியில் வாசலில் இருந்த பழைய பலகையைக் கழற்றிவிட்டு, 'இருமொழிப் பள்ளி' என்று தங்க எழுத்தில் புதுப் பலகை மாட்டினார்கள். அன்று முதல் இலையும் வேரும் இதயமும் எரிமலையும் ஆங்கிலத்தில் வந்தாக வேண்டும். அதுவரை 'ப்ரொஃபே' என்று கூப்பிட்ட பிள்ளைகள் 'மிஸ்' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். பலகையை மாற்ற ஒரு தச்சனும் ஒரு ஏணியும் போதும். நாற்பது வயதுக்குமேல் நாக்கை மாற்றுவதற்கு மார்லேனி பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். பேருந்தில் காதில் ஒலிப்பதிவை மாட்டிக்கொண்டு முணுமுணுப்பாள். பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் ஜெபமாலை சொல்கிறாள் என்று நினைத்து மரியாதையாகத் தள்ளி உட்காருவார்கள். தேர்வில் ஒருமுறை தோற்று, மறுமுறை தேறினாள்.

அதற்கடுத்த வருடம் வந்தது கழுதை.

உள்ளங்கை அளவு மரக் கழுதை. நீல வர்ணம், கழுத்தில் மாட்டிக்கொள்ள ஒரு கயிறு. தலைமையாசிரியர் தோன் ஒக்தாவியோ ஏதோ கருத்தரங்குக்குப் போன இடத்தில் இந்த யோசனையைப் பிடித்து வந்து, வகுப்புக்கு ஒன்று செய்யச் சொன்னார். சட்டம் எளிது. பள்ளி வாசலுக்குள் யார் ஸ்பானிஷில் பேசி மாட்டிக்கொள்கிறார்களோ அவர்கள் கழுத்தில் கழுதை ஏறும். இறக்கிவைக்க ஒரே வழி, ஸ்பானிஷ் பேசும் இன்னொருவரைப் பிடித்து அவர் கழுத்தில் மாட்டுவது. வெள்ளிக்கிழமை கடைசி மணி அடிக்கும்போது யார் கழுத்தில் இருக்கிறதோ அவருக்கு விளையாட்டு கிடையாது. "என்னிலிருந்து வாசல்காரர் வரைக்கும் எல்லாருக்கும் இந்தச் சட்டம் உண்டு" என்று தோன் ஒக்தாவியோ கூட்டத்தில் முழங்கினார். ஆசிரியர்கள் கைதட்டினார்கள். தங்கள் கழுத்துக்கு அது வரும் என்று ஒருவரும் நம்பவில்லை.

ஒரே மாதத்தில் பிள்ளைகள் எல்லாரும் துப்பறிவாளர்களாகிவிட்டார்கள். ஐந்தாம் வகுப்பில் தாமியான் என்று ஒரு குறும்பன். கழுதை தன்னிடம் வந்துவிட்டால், பக்கத்துப் பையனின் காலை நச்சென்று மிதிப்பான். வலி வந்தால் வாயில் வருவது தாய்மொழிதான். அவன் அலறிய அலறல் முடிவதற்குள் கழுதை இவன் கழுத்திலிருந்து அவன் கழுத்துக்குப் போய்விடும். உயிர்த் தோழிகள் என்று கைகோத்துத் திரிந்த பெண் பிள்ளைகள் ஒருத்தி வாயை ஒருத்தி பார்த்துக்கொண்டு நின்றார்கள். இதைப் பார்க்கப் பார்க்க மார்லேனிக்கு வயிறு எரிந்தது. காட்டிக்கொடுப்பதற்கு வகுப்பு எடுக்கிற பள்ளியும் உண்டா என்று கேட்டுவிட்டு, தன் பாட வேளை தொடங்கியதும் கழுதையை வாங்கி மேசை டிராயரில் போட்டுப் பூட்டிவிடுவாள். "இந்த நாப்பது நிமிஷம் கழுத தூங்கட்டும்" என்பாள். பிள்ளைகளுக்கு அவள்மேல் உயிர்.

இன்னொரு காரணமும் இருந்தது. பலகை மாறிய முதல் வருடத்திலேயே அது நடந்தது. தாவரம் எப்படி உணவு தயாரிக்கிறது என்று பிள்ளைகள் ஆங்கிலத்தில் கிளிப்பிள்ளைகளாக ஒப்பித்தார்கள். ஒரு எழுத்துப் பிசகவில்லை. மார்லேனிக்கு என்னவோ சந்தேகம் தட்டியது. கதவைச் சாத்திவிட்டு ஸ்பானிஷில் கேட்டாள்: "வெளியே நிக்குதே அந்த மரம், அவ்வளவு பெரிய கட்டை, அது எதுலேர்ந்து வந்துச்சு?"

"மண்ணுலேர்ந்து மிஸ்," என்று முப்பத்தொரு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

"அப்ப இவ்வளவு நேரம் காத்து, வெயிலுன்னு என்னடா ஒப்பிச்சீங்க?"

"அது இங்கிலீஷ்ல மிஸ்," என்றான் ஒருவன், அது வேறு மரம் என்பதுபோல.

அன்றிலிருந்து அவள் பாடத்தின் கடைசி ஐந்து நிமிடம் கதவைச் சாத்திவிட்டு, அன்றைய கடினமான இடத்தைத் தாய்மொழியில் உடைத்துச் சொல்வாள். பிள்ளைகள் அதைக் 'குட்டி இடைவேளை' என்றார்கள். முப்பத்தொரு வாயும் அந்த ரகசியத்தைக் காத்தன. எந்த வருடத்துப் பிள்ளையும் வெளியே மூச்சு விட்டதில்லை.

பெரியவர்களில் அது தெரிந்தவள் ஒருத்தி மட்டும். ஹிமேனா.

ஹிமேனாதான் பள்ளியின் இருமொழி ஒருங்கிணைப்பாளர். கல்லூரியில் மார்லேனியோடு ஒரே அறையில் இருந்தவள். ஒரே ஒரு அரேப்பா ரொட்டியைப் பிய்த்து ஆளுக்குப் பாதி தின்றவர்கள். பதினோரு வருடத்துக்கு முன்னால் புருஷன் விட்டுப் போய், கையில் பெட்டியோடு அவள் வந்து நின்றபோது, தோன் ஒக்தாவியோவிடம் கெஞ்சிக் கூத்தாடி அவளுக்கு வேலை வாங்கித் தந்தவள் மார்லேனி. மார்லேனியின் மகன் எஸ்தேபானுக்கு ஞானஸ்நானத்தில் ஞானத்தாயாக நின்று குழந்தையை ஏந்தியவள் ஹிமேனா. அந்த நாள் தொட்டு இருவரும் ஒருவரை ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, 'கொமாத்ரே' என்றுதான் கூப்பிடுவார்கள். எங்கள் பக்கத்தில் கூடப்பிறந்தவளிடம் சொல்லாததைக்கூடக் கொமாத்ரேயிடம் சொல்வார்கள். ஆய்வுக்கூடத்துப் பின்னறையில், பாட்டிலில் ஊறும் தவளைகளுக்கு நடுவே, கறுப்புக் காபியும் ஆறிப்போன பாந்தெபோனோ ரொட்டியுமாக இருவரும் உட்கார்ந்து ஸ்பானிஷில் ஊர்வம்பு பேசுவார்கள். இருமொழி ஒருங்கிணைப்பாளரே பேசும்போது கழுதைக்கு அங்கே என்ன வேலை?

ஆகஸ்டில் ஒருநாள் அந்தப் பின்னறையில்தான் ஹிமேனா பேச்சை எடுத்தாள்.

"கொமாத்ரே, செப்டம்பர்ல வெளிநாட்டுலேர்ந்து ரெண்டு பேர் வர்றாங்க. பள்ளிக்கு அங்கீகாரம் குடுக்கறதா வேண்டாமான்னு அவங்கதான் சொல்லணும். மாதிரி வகுப்புக்கு உன் பேரத்தான் குடுத்திருக்கேன்."

மார்லேனி காபிக் கோப்பையைக் கீழே வைத்தாள். "ஏன்டி, என் இங்கிலீஷ வச்சுக்கிட்டா? வேற ஆளே கெடைக்கலியா உனக்கு?"

"இங்கிலீஷ் யார் வேணா பேசுவாங்க. உன் அஞ்சு நிமிஷம் யாருகிட்ட இருக்கு?" ஹிமேனா குரலைத் தாழ்த்தினாள். "இப்பல்லாம் வெளிநாட்டுல இதத்தான் மெச்சறாங்களாம். தாய்மொழியில கொஞ்சம் தாங்கிப் பிடிக்கறது. எத்தன நாளைக்குக் கதவச் சாத்திக்கிட்டுத் திருட்டுத்தனமாப் பண்ணுவ? நீ ஒண்ணு பண்ணு. எந்தப் பாடத்துல பிள்ளைங்க எங்க தடுக்கி விழுதுங்க, நீ ஸ்பானிஷ்ல என்ன சொல்லித் தூக்கி விடறே, எல்லாத்தையும் எழுதிக் குடு. நான் அதப் பள்ளித் திட்டத்துல சேத்துடறேன். அப்புறம் கதவத் தொறந்து வச்சே நடத்தலாம்."

"நெசமாவா?"

"எஸ்தேபான் மேல சத்தியம்."

ஞானத்தாய் ஞானப்பிள்ளை மேல் சத்தியம் செய்தால் அதற்குமேல் என்ன கேட்பது? மார்லேனி கண்ணை மூடிக்கொண்டு நம்பினாள். மூன்று வாரம், ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக்கூடப் போகாமல் எழுதினாள். இருபத்தாறு பாடம். இதயம் காதலுக்கான உறுப்பு என்று எந்தப் பிள்ளை சொல்லும், அதற்கு என்ன பதில். எலும்புக்கு உயிர் உண்டா என்று கேட்டால் எதைக் காட்டுவது. மரத்தின் கட்டை எங்கிருந்து வந்தது. பதினேழு வருடம் வகுப்பில் நின்று தெரிந்துகொண்டது அத்தனையும், தன் உருண்டைக் கையெழுத்தில், ஒரு பச்சை அட்டை நோட்டில். கொடுக்கும்போது அவளுக்கே கொஞ்சம் கர்வமாக இருந்தது. ஹிமேனா நோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "தங்கம்டி நீ" என்றாள்.

வெளிநாட்டார் வந்த வாரம் எங்கள் எரிமலை நெவாதோ சாம்பலைக் கக்கியிருந்தது. காலையில் எழுந்தால் ஜன்னல் விளிம்பிலும் கார் கூரையிலும் சாம்பல் படிந்திருந்தது. எங்கள் ஊரில் இது பெரிய அதிசயமில்லை, துடைத்துவிட்டு வேலைக்குப் போவோம். ஆனால் அன்று பாடம் எரிமலை.

கடைசி வரிசையில் நெட்டையான ஒரு மனிதரும் நரைத்த தலைப் பெண்மணி ஒருவரும் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பக்கம் தோன் ஒக்தாவியோ, மறுபக்கம் ஹிமேனா. மார்லேனி ஆங்கிலத்தில் ஆரம்பித்தாள். குரல் நடுங்கினாலும் பாடம் நடுங்கவில்லை. பிள்ளைகள் படத்தில் எரிமலை வாயைக் காட்டினார்கள், குழம்பைக் காட்டினார்கள், உருகும் பனியைக் காட்டினார்கள். எல்லாம் நன்றாகத்தான் போயிற்று.

அப்போது அந்தோனெல்லா கையைத் தூக்கினாள். சின்னச் சத்தத்துக்கும் மிரளும் பெண். முதல் மூன்று சொல் ஆங்கிலத்தில் வந்தது, பிறகு ஸ்பானிஷ் கொட்டிவிட்டது. "மிஸ், எங்க சித்தி சின்சினா ஆத்தங்கரையிலதான் இருக்காங்க. பனி உருகினா சேறு அங்க வருமா? வந்தா எவ்வளவு நேரம் இருக்கும்? அவங்களுக்கு யார் சொல்லுவா?"

வகுப்பே திரும்பி அந்தோனெல்லாவைப் பார்த்தது. எண்பத்தைந்தில் நெவாதோவின் பனி உருகி, சேறு வந்து ஊரையே எப்படி விழுங்கியது என்று எங்கள் வீடுகளில் பிறந்த பிள்ளை ஒவ்வொன்றுக்கும் தெரியும். மார்லேனி பின்வரிசையைப் பார்த்தாள். ஹிமேனா லேசாகத் தலையசைத்தாள். அந்தத் தலையசைப்பு மட்டும் இல்லாதிருந்தால் என்ன செய்திருப்பாள் என்று மார்லேனி பின்னால் பலமுறை யோசித்தாள். அப்போதும் இதைத்தான் செய்திருப்பாள். ஆனால் தலையசைப்பு இருந்தது.

அவள் கதவைச் சாத்தவில்லை. கரும்பலகையில் ஆற்றை வரைந்து, பச்சை ஸ்பானிஷில் சொன்னாள். சேறு வயலில் பரவி வராது, ஆற்றுப் படுகையைப் பிடித்துத்தான் வரும். அதனால் ஓடவேண்டியது தூரத்துக்கு இல்லை, உயரத்துக்கு. "சத்தம் கேட்டா என்னன்னு பாக்க ஆத்துப் பக்கம் போகக் கூடாது. பொட்டி, பணம், பூனைன்னு திரும்பிப் போகக் கூடாது. மேட்டுக்கு ஏறணும். இன்னைக்கு வீட்டுக்குப் போய் சித்திக்குப் போன் பண்ணி, பக்கத்துல மேடு எங்க இருக்குன்னு கேளு. அவங்களுக்குத் தெரியலைன்னா நடந்து பாக்கச் சொல்லு." அந்தோனெல்லா தலையாட்டினாள். முப்பத்தொரு பேரும் எழுதிக்கொண்டார்கள். எழுதச் சொல்லி அவள் சொல்லவே இல்லை.

நெட்டை மனிதர் ஹிமேனா பக்கம் சாய்ந்து ஆங்கிலத்தில் கேட்டார். மெதுவாகத்தான் கேட்டார், ஆனால் வகுப்பு அவ்வளவு அமைதியாக இருந்தது. இது பள்ளித் திட்டத்தில் உள்ளதா?

கேள்வியில் குற்றம் கண்டுபிடிக்கும் தொனி இல்லை. ஆம் என்று ஒரு சொல் போதும். ஆனால் தோன் ஒக்தாவியோவின் முகம் சிவந்திருந்தது, ஹிமேனா அந்த முகத்தைப் பார்த்துவிட்டாள். 'இல்லை' என்றாள். இது இந்த ஆசிரியையின் சொந்தப் பழக்கம் என்றும், தாங்கள் இதைக் கவனித்து வருவதாகவும், எழுத்திலேயே ஆதாரம் இருப்பதாகவும் அழகான ஆங்கிலத்தில் சொன்னாள். பைக்குள் கைவிட்டுப் பச்சை நோட்டை எடுத்தாள்.

அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. இறுக்கத்தைத் தளர்த்துவதற்கோ, தலைமையாசிரியரைக் குளிர்விப்பதற்கோ, சிரித்துக்கொண்டே எழுந்து முன்னால் வந்தாள். டிராயரைத் திறந்து கழுதையை எடுத்து, மார்லேனியின் மேசைமேல் வைத்தாள். எங்கள் பள்ளியில் ஆசிரியர்களுக்கும் சட்டம் ஒன்றுதான் என்று விருந்தினரைப் பார்த்துச் சொன்னாள்.

தோன் ஒக்தாவியோ மட்டும் சிரித்தார். பிள்ளைகளில் ஒருவரும் சிரிக்கவில்லை. டிராயர் பூட்டுக்கு மாற்றுச் சாவி எங்கே இருக்கும் என்பதை ஹிமேனாவிடம் சொன்னதும் தான்தான் என்று மார்லேனிக்கு அப்போது ஞாபகம் வந்தது. கழுதையை எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டு, மீதிப் பாடத்தை ஆங்கிலத்தில் முடித்தாள்.

அன்று சாயங்காலமே ஹிமேனாவின் அறைக்குப் போனாள். கதவைச் சாத்தினாள்.

"எதுக்குடி தலைய ஆட்டுன? அத மட்டும் சொல்லு. வேற எதுவும் கேக்கல."

ஹிமேனா கணினியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பதில் ஆங்கிலத்தில் வந்தது. இப்போது வேலையாக இருப்பதாகவும், ஏதாவது சொல்வதானால் எழுத்தில் தரலாம் என்றும். தனியாக இருக்கும்போது இத்தனை வருடத்தில் ஒரு சொல் ஆங்கிலம் பேசாதவள். மார்லேனிக்கு வகுப்பில் பட்ட அடியைவிட இதுதான் ஆழமாக இறங்கியது. ஊரார் முன்னால் பயந்து பேசிவிட்டாள் என்று அதுவரை ஒரு சாக்கு மிச்சம் வைத்திருந்தாள். அதுவும் போயிற்று.

அடுத்த நாள் தாமியான் மேசை அருகில் வந்து, வேண்டுமென்றே சத்தமாக ஸ்பானிஷில் பேசினான். "மிஸ், நான் ஸ்பானிஷ் பேசறேன், கேக்குதா? பேசறேன், பேசறேன், பேசிக்கிட்டே இருக்கேன். கழுதைய என்கிட்ட குடுத்துடுங்க."

"போடா உன் இடத்துக்கு."

"வெள்ளிக்கிழமை உங்களை விளையாட விடமாட்டாங்க மிஸ்."

மார்லேனிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அவன் தலையில் கைவைத்துத் திருப்பி அனுப்பினாள். அந்த வாரம் முழுக்க ஒருவர் மாற்றி ஒருவர் வந்து தங்கள் கழுத்தை நீட்டினார்கள். ஒருவருக்கும் கொடுக்கவில்லை. கழுதை அவள் பைக்குள்ளேயே இருந்தது, சீப்புக்கும் பேருந்து அட்டைக்கும் நடுவில்.

அக்டோபர் கடைசியில் கடிதம் வந்தது. பிப்ரவரியில் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது. வகுப்பில் தொடர்ந்து ஸ்பானிஷ் பேசியதை ஆசிரியையே கைப்பட எழுதி ஒப்புக்கொண்டிருப்பதாகவும், இருபத்தாறு பாடங்களின் நகல் இணைக்கப்பட்டிருப்பதாகவும் அதில் இருந்தது. மரத்தின் கட்டை, எலும்பின் உயிர், காதலுக்கான இதயம், எல்லாம் முத்திரை குத்தி வரிசையாக. மார்லேனிக்கு நாற்பத்தொன்பது வயது. அந்த வயதில் அவளைச் சேர்த்துக்கொள்ள வேறு எந்தப் பள்ளியும் இல்லை என்பது கடிதம் எழுதியவர்களுக்கும் தெரியும். இத்தனைக்கும் அந்தக் கடிதம் சுத்தமான ஸ்பானிஷில் இருந்தது.

நவம்பரில் பள்ளி ஆண்டின் கடைசி நாள். முற்றத்தில் பலூன்கள், பெற்றோர்கள், எம்பனாதா பொரிக்கும் மணம். அங்கீகாரம் கிடைத்துவிட்டதாகத் தோன் ஒக்தாவியோ ஆங்கிலத்தில் அறிவித்தார். பாதிப் பெற்றோருக்குப் புரியவில்லை, ஆனாலும் கைதட்டினார்கள். அந்தோனெல்லாவின் சித்தி சின்சினாவிலிருந்து வந்திருந்தாள். "மேடு எங்க இருக்குன்னு நடந்து பாத்துட்டேன் ப்ரொஃபே. இருபது நிமிஷம் ஆவுது" என்று மார்லேனியின் கையைப் பிடித்துச் சொன்னாள். மார்லேனி அவளைக் கட்டிக்கொண்டாள்.

பை, பூந்தொட்டி, பதினேழு வருடத்துக் குப்பை எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு வாசலை நோக்கி நடக்கும்போது பின்னால் காலடிச் சத்தம் கேட்டது.

"கொமாத்ரே!"

ஹிமேனா. மூச்சு வாங்கியது. கண்கூடச் சிவந்திருந்தது, பொய்யில்லை.

"கொமாத்ரே, என்னை மன்னிச்சுடு. எனக்கு வேற வழி தெரியலை. நான் தனி மனுஷி, இந்த வேலையும் போச்சுன்னா எங்க போவேன்? உனக்காவது வீட்டுல ஆள் இருக்கு." மூக்கை உறிஞ்சினாள். ஸ்பானிஷ் தடையில்லாமல் வந்தது, பின்னறையில் வருவதுபோல. "இன்னொண்ணு. பிப்ரவரியில புதுப் பொண்ணு வர்றா. கனடாக்காரி. நல்லாத்தான் பேசறா, ஆனா நம்ம பிள்ளைங்க எங்க தடுக்கும்னு அவளுக்குத் தெரியாது. நோட்டு தோன் ஒக்தாவியோவோட கோப்புல மாட்டிக்கிச்சு, கேட்டா சந்தேகப்படுவாரு. நீ அத இன்னொரு தடவை எழுதித் தர முடியுமா? எனக்காக இல்ல. பிள்ளைங்களுக்காக."

மார்லேனி அவளையே பார்த்தாள். கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள், வரவில்லை. இவளுக்கு இன்னமும் என் நோட்டு வேண்டும், நான் மட்டும்தான் வேண்டாம் என்று தோன்றியது. எஸ்தேபானைத் தொட்டிலிலிருந்து எடுத்துக் கொடுத்ததும் இந்தக் கைகளில்தான்.

பூந்தொட்டியைக் கீழே வைத்தாள். பையைத் திறந்து, சீப்புக்கு அடியிலிருந்து கழுதையை எடுத்தாள். கயிற்றை விரித்து, அவசரமில்லாமல், ஹிமேனாவின் தலைக்கு மேலாக மாட்டி, கழுத்தில் நேராக்கிவிட்டாள்.

"மிஸ் ஹிமேனா," என்று ஆங்கிலத்தில் சொன்னாள், ஒரு பிசகும் இல்லாமல். "நீங்கள் ஸ்பானிஷில் பேசினீர்கள்."

முற்றத்தின் ஓரத்தில் தாமியான் இதைப் பார்த்துவிட்டான். பக்கத்தில் இருந்தவனை இடித்தான். அவன் அடுத்தவளை இடித்தான். ஐந்தாம் வகுப்பு முப்பத்தொரு பேரும் ஒருவர் பின் ஒருவராகத் திரும்பினார்கள். கழுதை யார் கழுத்தில் இருக்கிறது என்று பார்த்ததும், பழகிய பிள்ளைகள் அல்லவா, வாயை இறுக மூடிக்கொண்டார்கள்.

ஹிமேனா அவர்களைப் பார்த்து ஏதோ சிரிக்க முயன்றாள். கயிற்றைப் பிடித்தபடி நின்றாள். ஒரு பிள்ளையாவது வாயைத் திறந்தால் போதும், மாட்டிவிடலாம். ஒருவரும் திறக்கவில்லை.

மார்லேனி பூந்தொட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலைத் தாண்டினாள். வாசல்காரர் தொப்பியைத் தூக்கினார். "போய்ட்டு வாங்க ப்ரொஃபே, எறக்கத்துல பாத்துப் போங்க" என்றார். "சரிங்க" என்று ஊர் கேட்க ஸ்பானிஷில் சொல்லிவிட்டு அவள் இறங்கினாள்.